மூக்கு கழுவும் பாட்டிலும் ஒரு டம்ளர் கல்லுப்புத் தண்ணீரும்

கார்த்திகை மழையில் எங்கள் வீட்டில் ஒருவர் மாற்றி ஒருவருக்குச் சளி பிடித்தபோது, கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு மருந்துக்கடையில் மூக்கு கழுவும் பாட்டில் ஒன்றை 340 ரூபாய்க்கு வாங்கினேன். 240 மில்லி கொள்ளும் மெல்லிய பிளாஸ்டிக் பாட்டிலும் 30 உப்புப் பொட்டலங்களும் பெட்டிக்குள் இருந்தன. வைரஸை அழித்துவிடும் என்று முகப்பில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். அந்த வரியை நம்பித்தான் வாங்கினேன் என்பதால், அது எவ்வளவு தூரம் உண்மை என்று தேடிப் படித்துவிட்டு இதை எழுதுகிறேன்.

பாட்டிலில் குறை சொல்ல ஒன்றுமில்லை. வாஷ்பேசினில் குனிந்து, தலையைச் சற்றுச் சாய்த்து, வாயால் மூச்சு விட்டபடி மெதுவாக அழுத்தினால், ஒரு நாசியில் போகும் வெதுவெதுப்பான நீர் மறு நாசி வழியாக இழையாக ஒழுகி, இரண்டு நாளாக அடைத்துக் கிடந்த கட்டிச் சளியையும் இழுத்துக்கொண்டு வருகிறது. முதல் முறை நான் வேகமாக அழுத்திவிட்டதில் காது அடைத்துக்கொண்டு அரை மணி நேரம் அவதிப்பட்டேன். மெதுவாக அழுத்தச் சொல்லும் குறிப்பு உள்ளே இருந்த தாளில் இருக்கத்தான் செய்தது. ஆனால் அதில் ஒரு வரிகூடத் தமிழில் இல்லை. கடலூரில் விற்கும் பொருளுக்கு இது பெரிய குறை என்றே கருதுகிறேன்.

அடுத்தது உப்பு. கேக் செய்யும் என் தங்கையின் சிறிய தராசில் ஒரு பொட்டலத்தை நிறுத்தேன், 2.3 கிராம் இருந்தது. ஒரு பாட்டில் நீரில் கரைத்தால் ஏறத்தாழ 1 சதவீதம் வரும். நம் உடல் நீரின் உப்பு அளவும் அதை ஒட்டியதுதான். அதனால்தான் எரிச்சல் இல்லை. சேர்த்திருக்கும் சோடா உப்பும் அதற்கு உதவுகிறது. ஆனால் எடின்பரோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 66 பேரை வைத்துச் சோதித்து 2019-இல் வெளியிட்ட ஆய்வில் பயன்பட்டது இதைவிட இரண்டு மூன்று மடங்கு கரிப்பான நீர். சளி தொடங்கி 48 மணி நேரத்துக்குள் அதைக் கொண்டு மூக்கைக் கழுவவும் தொண்டையில் கொப்பளிக்கவும் தொடங்கியவர்களுக்கு நோய் சராசரியாக 1.9 நாள் முன்னதாகத் தீர்ந்தது. வீட்டிலிருந்த மற்றவர்களுக்குத் தொற்றுவதும் 35 சதவீதம் குறைந்தது. உப்பிலுள்ள குளோரைடைக் கொண்டு நம் செல்களே வைரஸை எதிர்க்கும் ஹைப்போகுளோரஸ் அமிலத்தை உண்டாக்குகின்றன என்பது அவர்கள் தரும் விளக்கம். ஆறு வயது வரையிலான 407 குழந்தைகளைச் சேர்த்து நடத்திய அடுத்த ஆய்வின் முடிவை 2024-இல் வெளியிட்டார்கள்: உப்பு நீர்ச் சொட்டு விட்ட குழந்தைகளுக்குச் சளி 6 நாளிலும் மற்றவர்களுக்கு 8 நாளிலும் நீங்கியது. நல்ல செய்திதான், ஆனால் யார் உப்பு நீர் பயன்படுத்துகிறார் என்பது அவரவருக்கே தெரிந்திருந்த ஆய்வுகள் இவை. ‘நாள் குறையலாம்’ என்பதற்கும் பெட்டியில் அச்சிட்ட ‘அழித்துவிடும்’ என்பதற்கும் நடுவே உள்ள தூரம் அதிகம்.

என் மாமியாருக்கு 71 வயது. பாட்டிலைப் பார்த்ததும், “மூக்குல எல்லாம் வேணாம்மா, ஒரு டம்ளர்ல கலக்கிக் கொடு, கொப்பளிச்சுக்கிறேன்” என்று சொல்லிவிட்டார். அவருக்கு மரக்காணம் கல்லுப்பைத்தான் கரைத்துக் கொடுத்தேன். 200 மில்லி டம்ளருக்கு 5 கிராம் போட்டால் 2.5 சதவீதம் ஆகிவிடும். ஆனால் கரண்டியை நம்பக் கூடாது: எங்கள் தேக்கரண்டியில் தலைதட்டி எடுத்த தூள் உப்பு 6 கிராம் இருந்தது, அதே கரண்டியில் கல்லுப்பு 5 கிராமைக்கூட எட்டவில்லை. ரத்தக் கொதிப்பு உள்ளவர் என்பதால் ஒரு மடக்குகூட விழுங்காமல் துப்பும்படி பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டேன். தொண்டைக் கமறல் இரண்டாம் நாளே தணிந்தது. உப்பு நீரால்தான் தணிந்தது என்று ஒருவரை வைத்துச் சொல்லிவிட முடியாது.

வெறும் கொப்பளிப்பை அற்பமாக நினைக்க வேண்டியதில்லை. ஜப்பானில் 387 பேரிடம் 60 நாள் நடத்தி 2005-இல் வெளியிட்ட ஆய்வில், வெறும் தண்ணீரால் தினமும் கொப்பளித்தவர்களுக்குச் சளித் தொற்று 36 சதவீதம் குறைந்தது. போவிடோன் அயோடின் மருந்தால் கொப்பளித்தவர்களுக்கு அந்தப் பலன் தெரியவில்லை.

தண்ணீர் விஷயத்தில் மட்டும் கண்டிப்பு வேண்டும். கொப்பளிக்கக் குடிநீர் போதும். மூக்கில் விடுவதை நன்றாகக் கொதிக்கவைத்து ஆறவைத்துத்தான் விட வேண்டும். கேரளத்தில் உயிர்களைப் பறித்த மூளை தின்னும் அமீபா மூக்கு வழியாகத்தான் ஏறுகிறது. குழாய் நீரோ போர் நீரோ அப்படியே கூடாது என்பது தாளின் கடைசியில் பொடி எழுத்தில் இருக்கிறது. முகப்பில் கொட்டை எழுத்தில் போட வேண்டிய வரி இதுதான்.

பாட்டிலுக்குக் கொடுத்த பணம் வீணில்லை. பொட்டலங்கள் தீர்ந்தபின் மூக்குக்கு மட்டும் மறுபடி அதையே வாங்குவேன், ஏனென்றால் கல்லுப்பில் அடியில் தங்கும் மண்ணை மூக்குக்குள் விட எனக்கு மனம் வரவில்லை. தொண்டைக்கு அடுக்களை உப்பே போதும். பாட்டிலை மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்லியிருக்கிறார்கள். தனிப் பாட்டில் கிடைக்குமா என்று அதே கடையில் கேட்டேன், முழுப் பெட்டியாகத்தான் வரும் என்றார்கள்.