ஈ9 பெடல் ஸ்டீல் சி6-க்கு மாறுமா? மூன்று பெடல், நான்கு லீவர் வாத்தியம் பற்றிய மதிப்புரை

பெடல் ஸ்டீல் என்பது கிடைமட்டமாக வைத்து, உலோகப் பாரைத் தந்திகள் மேல் நகர்த்தி வாசிக்கும் கிட்டார்; பெடல்களும் முழங்கால் லீவர்களும் வாசிக்கும்போதே தந்திகளின் சுருதியை மாற்றும். பத்துத் தந்தி, மூன்று பெடல், நான்கு முழங்கால் லீவர். ஒற்றைக் கழுத்துப் பெடல் ஸ்டீல்களில் பரவலாகக் காணப்படுவது இந்த அமைப்புதான்; பெட்டியிலிருந்து எடுக்கும்போது நாஷ்வில் ஈ9 என்ற, கன்ட்ரி இசைக்கான சுருதியமைப்பில் இருக்கும். இதையே வெஸ்டர்ன் ஸ்விங்குக்கும் ஜாஸுக்கும் ஏற்ற சி6-க்கு மாற்றினால் எவ்வளவு தூரம் தேறும் என்பதைப் பார்க்கலாம். ஆல்-புல் வகைச் சேஞ்சர் (தந்திகளின் சுருதியை மாற்றும் இயந்திரப் பகுதி; இந்த வகையில் ஏற்றம், இறக்கம் இரண்டையும் ராட் இழுத்தே செய்யும்) உள்ள வாத்தியத்தை வைத்தே இது எழுதப்பட்டது. புஷ்-புல் வகை வைத்திருப்பவர்களுக்கு வேலைமுறையே வேறு.

நன்றாகவே மாறுகிறது. சி6-க்கு வழக்கமான ஐந்து பெடல்களில் (4 முதல் 8 வரை எண்ணுவார்கள்) நான்கின் வேலையை இந்த வாத்தியம் செய்துவிடும். எட்டாவது பெடல் மட்டும் கிடைக்காது. புதிதாக வாங்க வேண்டியவை ஒரு சி6 தந்தி செட், சில நட் ரோலர்கள் (தலைப்பக்கம் தந்திகளைத் தாங்கும் உருளைகள்), கைவசம் இருக்க இரண்டு மூன்று பெல் கிராங்குகளும் (தண்டின் அசைவை ராட்டுக்குக் கடத்தும் சிறு கைகள்) நைலான் ட்யூனர்களும் (ராட் முனையில் மாற்றத்தின் அளவைச் சேர்க்கும் திருகுகள்). புல் ராட் (கிராங்கிலிருந்து சேஞ்சர் வரை போகும் இழுகம்பி) புதிதாகத் தேவைப்படாது. ராட்டின் நீளத்தை முடிவு செய்வது பெடலின் குறுக்குத் தண்டுக்கும் சேஞ்சருக்கும் உள்ள தூரம். எந்தத் தந்தியை இழுக்கிறது என்பதால் நீளம் மாறுவதில்லை. ஆகவே ஒரு பெடலின் ராட்டை அதே பெடலில் பக்கத்துத் தந்திக்கு நகர்த்தினால் அளவு பொருந்தும்.

முதலில் தந்திகள். சி6 பத்துத் தந்தியின் வழக்கமான தடிமன்கள் அங்குலத்தில்: ஜி 0.012, ஈ 0.014, சி 0.017, ஏ 0.020, ஜி 0.024 சுற்றிய தந்தி, ஈ 0.030, சி 0.036, ஏ 0.042, எஃப் 0.054, அடியில் சி 0.068 அல்லது 0.070. முதல் தந்தியை ஜி-க்குப் பதில் டி-யாக வைப்பவர்களும் உண்டு, அதற்கு 0.015 வேண்டும். வாங்கும் முன் பொட்டலத்தில் முதல் தந்தி என்ன தடிமன் என்று பாருங்கள். 0.015-ஐ ஜி வரை ஏற்றினால் இழுவிசை எகிறும். 0.014, 0.017, 0.020, 0.030 ஆகியவை ஈ9 செட்டிலும் உள்ள அளவுகள்தான், இடம்தான் வேறு. அதற்காகப் பழைய தந்தியை இடம் மாற்றிப் போட வேண்டாம். சேஞ்சர் மேல் வளைந்த இடத்தில் ஏற்கெனவே தேய்மானம் இருக்கும், அங்கேயே அறும்.

பலர் கவனிக்காமல் விடுவது நட் ரோலர். நல்ல வாத்தியங்களில் ஒவ்வொரு ரோலரின் பள்ளமும் அந்தந்தத் தந்தியின் தடிமனுக்கு ஏற்ப வெட்டப்பட்டிருக்கும். எல்லாத் தந்திகளின் உச்சியும் ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும் என்பதற்காக. ஈ9-இல் 0.038 இருந்த பத்தாம் இடத்தில் 0.070-ஐப் போட்டால் அது மேலே துருத்திக்கொண்டு நிற்கும். பாரை வைத்ததும் ஒன்பதாம் தந்தி பாரைச் சரியாகத் தொடாமல் இரையும். நட் அச்சை உருவி, 14, 17, 20, 30 ரோலர்களைப் புதிய இடங்களுக்கு மாற்றி, 42, 54, 70-க்கு மட்டும் புதியவை போட்டால் போதும். தந்தி மாட்டிய பிறகு நட்டை ஒட்டி ஒரு நேரான எஃகு அளவுகோலைக் குறுக்கே வைத்து, ஒவ்வொரு தந்தியையும் சுண்டிப் பாருங்கள். அளவுகோலைத் தொடாத தந்தி எது என்று சத்தமே காட்டிக்கொடுக்கும்.

இந்த வாத்தியத்தை நாங்கள் பரிந்துரைக்க முக்கியக் காரணம் அடிப்பக்கத்தில் இருக்கிறது. ஈ9-இன் மூன்று பெடல்களை ஏ, பி, சி என்பார்கள். ஏ பெடல் 5, 10-ஆம் தந்திகளை இழுக்கிறது. சி6-இன் ஐந்தாம் பெடலுக்கு வேண்டியவை 5-உம் 9-உம் (ஜி-யை எஃப் ஷார்ப்புக்கு இறக்குவது, எஃப்-ஐ எஃப் ஷார்ப்புக்கு ஏற்றுவது). பி பெடல் 3, 6-ஐ இழுக்கிறது. ஆறாம் பெடலுக்கு வேண்டியவை 2 (ஈ-யிலிருந்து எஃப்), 6 (ஈ-யிலிருந்து ஈ ஃப்ளாட்). சி பெடல் 4, 5-ஐ இழுக்கிறது. ஏழாம் பெடலுக்கு 3 (சி-யிலிருந்து டி), 4 (ஏ-யிலிருந்து பி). ஆக மூன்று பெடல்களுக்கும் சேர்த்து மூன்றே பெல் கிராங்குகள் இடம் மாறுகின்றன: 10-லிருந்து 9, 3-லிருந்து 2, 5-லிருந்து 3. ஆனால் 5, 6 இரண்டின் ராட்டையும் சேஞ்சரில் ஏற்றத் துளையிலிருந்து இறக்கத் துளைக்கு மாற்ற வேண்டும். ஈ9 பெடல்கள் மூன்றும் ஏற்றம் மட்டுமே செய்பவை. சி6-இன் 5, 6-ஆம் பெடல்கள் ஒவ்வொன்றும் ஒரு தந்தியை ஏற்றி இன்னொன்றை இறக்கும்.

லீவர்களில் இன்னும் நல்ல பொருத்தம். பரவலான அமைப்பில் ஈ தந்திகளான 4, 8 இரண்டையும் எஃப்-க்கு ஏற்றும் லீவர் ஒன்று இருக்கும். சி6-இன் நான்காம் பெடல் ஏ-யிலிருந்து பி-க்கு ஏற்றுவதும் அதே 4, 8 தந்திகளைத்தான். ராட்டைத் தொடவே வேண்டாம். அரைச் சுருதிக்குப் பதில் முழுச் சுருதி என்பதால் லீவர் நிறுத்தத்தைத் தளர்த்தி ஓட்டத்தைக் கூட்டினால் போதும். முழங்காலுக்குச் சற்றுக் கனமாக இருக்கும். ஈ-களை இறக்கும் லீவரில் 8-இன் நைலானைக் கழற்றிவிட்டு 4-ஐ மட்டும் ஏ ஃப்ளாட்டுக்கு வைக்கலாம். 2-ஐயும் 9-ஐயும் இறக்கும் லீவரில் 2-இன் கிராங்கை 3-க்கு நகர்த்தி சி-யை பி ஆக்கலாம்; 9-இன் ராட்டைக் கழற்றிவிடுங்கள். நான்காவது லீவரால் 7-ஐ சி-யிலிருந்து சி ஷார்ப்புக்கு ஏற்றலாம். எட்டாம் பெடல் செய்வதில் ஒரு பகுதியாவது இப்படிக் கிடைக்கும். அதன் மீதி வேலைகளில் முக்கியமான, பத்தாம் தந்தியை சி-யிலிருந்து ஏ வரை இறக்கும் அந்த ஆழமான 'பூ-வா' ஒலியை முழங்கால் லீவரில் கொண்டுவர முயல வேண்டாம். ஓட்டம் போதாது.

வாங்கும் முன் ஒன்றைச் சரிபாருங்கள்: சேஞ்சரில் 4-ஆம் தந்திக்கு இரண்டு ஏற்றத் துளைகளாவது வேண்டும், 2, 3, 9-க்கு ஏற்றத் துளை இருக்க வேண்டும். மலிவான சில மாடல்களில் தொழிற்சாலை அமைப்புக்கு வேண்டிய துளைகளுக்கு மேல் இருக்காது.

வேலை வரிசை இப்படி இருந்தால் சிக்கல் வராது. எல்லா நைலான்களையும் தளர்த்துங்கள். கிராங்குகளை நகர்த்தி, ராட் பக்கத்து ராட்டில் உரசாமல் நேராகப் போகிறதா என்று பாருங்கள். தந்தி மாட்டித் திறந்த சுருதியை (பெடலோ லீவரோ அழுத்தாதபோதுள்ள சுருதி) சேருங்கள். பிறகு பெடலை நிறுத்தம் வரை அழுத்திப் பிடித்து, 3/16 அங்குல நைலான் சாவியால் ஒவ்வொரு மாற்றத்தையும் சேருங்கள். பெடலை விட்டதும் நைலானுக்கும் ஃபிங்கருக்கும் (சேஞ்சரில் அந்தத் தந்தியைத் தாங்கும் அசையும் பாகம்) இடையே மிகச் சிறிய தளர்வு இருந்தே தீர வேண்டும். அது இல்லையென்றால் திறந்த சுருதியை நைலான்தான் பிடித்து நிறுத்துகிறது என்று பொருள். நைலானை அரைச் சுற்றுத் தளர்த்தும்போது திறந்த சுருதி நகர்ந்தால் சந்தேகமே வேண்டாம்.

நைலானை முழுக்க முறுக்கியும் சுருதி எட்டவில்லையா? கிராங்கில் தண்டிலிருந்து தள்ளியிருக்கும் துளைக்கு ராட்டை மாற்றுங்கள். ஓட்டம் கூடும், பெடலும் கனக்கும். பெடலைப் பாதி அழுத்தும்போது ஒரு தந்தி கிளம்பி மற்றது தூங்கினால், தாமதமாகக் கிளம்பும் தந்திக்குத் தளர்வு அதிகம். அதன் ராட்டைத் தண்டுக்கு அருகிலுள்ள துளைக்குக் கொண்டுவாருங்கள். ஏழாம் பெடலில் இது நிச்சயம் தென்படும். 0.020 தந்தி 0.017-ஐவிடக் குறைந்த இழுப்பிலேயே முழுச் சுருதி ஏறிவிடும்.

அடுத்த தொல்லை இறக்கத் திரும்பு ஸ்பிரிங், அதாவது இறக்கிய தந்தியைத் திறந்த சுருதிக்குத் திரும்பக் கொண்டுவரும் ஸ்பிரிங். ஏற்றப் பெடலை அழுத்தியபடி சேஞ்சரின் பின்பக்கத்தைப் பாருங்கள். அந்தத் தந்தியின் இறக்க லீவர் தன் நிறுத்தத்தை விட்டு அசைந்தால் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது, ஏற்றிய சுருதி நிலைக்காது. அசைவு நிற்கும் வரை மட்டும் முறுக்குங்கள். அதற்கு மேல் முறுக்கினால் இறக்கம் வீணாகக் கனக்கும். 3, 4 இரண்டும் ஏறி இறங்கும் தந்திகள் என்பதால் அங்கே நேரம் செலவிடுவது தகும்.

சுருதி சேர்ப்பில் ஈ, ஏ இரண்டையும் மீட்டர் காட்டும் பூஜ்யத்திலேயே வைத்தால் சி கார்டு கடுமையாக ஒலிக்கும். தூய இசைவுக்கு ஈ சுமார் 14 சென்ட் (அரைச் சுருதியில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்), ஏ சுமார் 16 சென்ட் தாழ வேண்டும். பெடல் கார்டுகளையும் பார்த்து, இதில் பாதியளவு இறக்குவது நல்ல தொடக்கம். பீட்டர்சன் ஸ்ட்ரோப் ட்யூனர்களில் பெடல் ஸ்டீலுக்கென்றே தயாரான சுருதி அட்டவணைகள் உண்டு. அதில் தொடங்கிக் காதுக்கேற்பத் திருத்தலாம்.

வாரத்தில் பாதி ஈ9, பாதி சி6 வாசிப்பவர்களுக்கு இந்த மாற்றம் சரிப்படாது; ஒவ்வொரு முறையும் ரோலர், தந்தி, கிராங்க் எல்லாம் மாற வேண்டும். அவர்கள் பன்னிரண்டு தந்தி ஈ9/பி6 யுனிவர்சலைப் பார்க்கலாம். அதில் ஈ-களை இறக்கும் லீவரை அழுத்தினாலே பி6 கிடைத்துவிடும். இடமும் தூக்க ஆளும் இருந்தால் இரட்டைக் கழுத்து. ஈ9 கழுத்து வேறொன்று ஏற்கெனவே இருந்து, இரண்டாவது வாத்தியத்தை சி6-க்கென்றே நிறுத்தி வைப்பவர்கள் தாராளமாக வாங்கலாம்.

மாற்றிய பிறகு பிக்கப்பின் உயரத்தையும் பாருங்கள். 0.070 தந்தி அதிரும் வீச்சு பெரிது. கீழ்த் தந்திகள் பக்கம் பிக்கப்பைச் சற்று இறக்கினால்தான் மேல் ஜி-யும் அடி சி-யும் ஒரே அளவில் கேட்கும். தடித்த தந்திகள் ஒரு நாள் இழுபட்டு அடங்கிய பின் திறந்த சுருதி, நைலான், ஸ்பிரிங் என்ற அதே வரிசையில் இன்னொரு சுற்று சேர்க்க வேண்டியிருக்கும்.