பில்பாவோ குகன்ஹைம்: வெளியே நின்று பார்த்துவிட்டுத் திரும்பக் கூடாத அருங்காட்சியகம்

ஸ்பெயினின் வடக்கே, பாஸ்க் பகுதியின் பெருநகரமான பில்பாவோவில் நெர்வியோன் ஆற்றங்கரையில் 1997ஆம் ஆண்டு அக்டோபரில் திறக்கப்பட்ட குகன்ஹைம் அருங்காட்சியகம், அதன் கட்டடத்துக்காகவே உலகெங்கும் பேசப்படுகிறது. அதைக் காண வருபவர்களில் பலர் ஆற்றோர நடைபாதையில் நின்று படம் எடுத்துக்கொண்டு, முன்வாசலில் பூச்செடிகளால் அமைந்த பிரம்மாண்டமான நாய்க்குட்டியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, அனுமதிச் சீட்டு வாங்காமலேயே கிளம்பிவிடுகிறார்கள். கட்டடமே ஒரு சிற்பமாக நிற்கும்போது அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனாலும், உள்ளே தரைத்தளத்தில் இருக்கும் ஒரே ஒரு நீண்ட கூடத்துக்காகவாவது சீட்டு வாங்கத்தான் வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

முதலில் கட்டடத்தைச் சொல்லிவிடுகிறேன். பில்பாவோ இரும்புத் தாதுவாலும் எஃகாலும் கப்பல் கட்டும் தொழிலாலும் வளர்ந்த ஊர். 1980களில் அந்தத் தொழில்கள் ஒவ்வொன்றாகச் சரிந்தன. யூஸ்கல்டுனா கப்பல் கட்டும் தளம் மூடப்பட்டது. 1983ஆம் ஆண்டின் வெள்ளம் பழைய நகரத்தை நாசமாக்கியது. வேலையின்மை தலைவிரித்தாடிய அந்தக் காலத்தில், ஆற்றங்கரையில் கைவிடப்பட்டுக் கிடந்த துறைமுக நிலத்தில் ஒரு கலை அருங்காட்சியகத்துக்காகப் பொதுப்பணத்தைச் செலவிடப் பாஸ்க் அரசு முன்வந்தபோது உள்ளூரில் கடும் எதிர்ப்பு இருந்தது. இன்று ஆண்டுக்குப் பத்து லட்சம் பேருக்கு மேல் வருகிறார்கள். ஒரு கட்டடம் ஒரு நகரத்தைத் தூக்கி நிறுத்திவிட்டது என்று சொல்வது வழக்கமாகிவிட்டது. ஆனால் 1995இல் ஓடத் தொடங்கிய, நார்மன் ஃபாஸ்டர் வடிவமைத்த மெட்ரோ, ஆற்றைத் தூய்மைப்படுத்திய பணி, இடம் மாற்றப்பட்ட துறைமுகம் ஆகியவையும் அதே புத்துயிர்ப்பின் பகுதிகள் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு பார்ப்பதே நியாயம்.

கட்டடக் கலைஞர் ஃபிராங்க் கெரி முதலில் வெளிப்பூச்சுக்குத் துருப்பிடிக்காத எஃகைத்தான் எண்ணியிருந்தார். அது பில்பாவோவின் மேகமூட்டமான வானத்தின் கீழ் உயிரற்றுத் தெரிந்ததால் டைட்டானியத்துக்கு மாறினார். ஏறக்குறைய 33,000 தகடுகள். ஒவ்வொன்றும் அரை மில்லிமீட்டர்கூடத் தடிமன் இல்லாதது. அருகே போய்ப் பார்த்தால் தகடுகள் தட்டையாக இல்லாமல் லேசாக உப்பியும் குழிந்தும் இருப்பதும், அதனாலேயே ஒரே சுவரில் ஒவ்வொரு சதுரமும் ஒளியை வெவ்வேறு விதமாக வாங்கிக்கொள்வதும் புலப்படும். மழை பெய்து ஓய்ந்த சற்று நேரத்தில் சாம்பல் நிறம் மெல்ல மெல்லப் பொன்னிறமாக மாறுவதைப் பார்க்க ஆற்றின் எதிர்க்கரைதான் சரியான இடம். இத்தனை வளைவுகளையும் கணக்கிட்டுக் கட்டுவதற்கு, விமானங்களை வடிவமைக்கப் பிரான்சில் உருவான காட்டியா என்ற மென்பொருளைப் பயன்படுத்தினார்கள்.

வெளிப்புறச் சிற்பங்களில் ஜெஃப் கூன்ஸின் நாய்க்குட்டி 12 மீட்டருக்கு மேல் உயரமானது; அதன் பூச்செடிகள் ஆண்டுக்கு இரண்டு முறை மாற்றப்படுகின்றன. அருங்காட்சியகம் திறப்பதற்குச் சில நாட்கள் முன்பு, தோட்டப் பணியாளர்கள்போல் வேடமிட்டு வந்த, பாஸ்க் தனிநாடு கோரிய ஈட்டா அமைப்பின் தீவிரவாதிகள் அதன் பூந்தொட்டிகளுக்குள் வெடிகுண்டுகளை மறைத்துவைக்க முயன்றதும், அவர்களைத் தடுத்த பாஸ்க் காவலர் ஒருவர் சுட்டுக்கொல்லப்பட்டதும் அங்கே படம் எடுத்துக்கொள்ளும் பலருக்குத் தெரியாது. ஆற்றுப் பக்கம் நிற்கும் லூயிஸ் பூர்ஷ்வாவின் ராட்சதச் சிலந்தியின் கால்களுக்கு நடுவே நின்று மேலே பாருங்கள். அதன் வயிற்றுக் கூண்டில் சலவைக்கல் முட்டைகள் தெரியும். திரைச்சீலைகளைப் பழுதுபார்த்து நெய்துவந்த தன் தாயின் நினைவாகப் பூர்ஷ்வா இதைப் படைத்தார். மும்பையில் பிறந்த அனிஷ் கபூரின் பளபளக்கும் எஃகு உருண்டைக் கோபுரம் எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை. இந்தக் கட்டடத்தின் அருகில் அது வெறும் அலங்காரமாகிவிடுகிறது.

இனி அந்தக் கூடம். முன்வாசலிலிருந்து படிகளில் கீழிறங்கி, ஐம்பது மீட்டருக்கும் உயரமான நடுமண்டபத்தை அடைந்து, அங்கிருந்து திரும்பினால் ஏறத்தாழ 130 மீட்டர் நீளத்துக்கு நடுவில் ஒரு தூண்கூட இல்லாமல் விரிகிறது 104ஆம் எண் கூடம். அதன் மறுமுனை லா சால்வே பாலத்தின் அடியையும் தாண்டிச் செல்கிறது. இங்கே ரிச்சர்ட் செர்ராவின் எட்டு எஃகுச் சிற்பங்கள், ‘காலம் என்னும் பொருள்’ என்ற தலைப்பில், 2005ஆம் ஆண்டிலிருந்து நிலையாக இடம்பெற்றிருக்கின்றன. பாம்புபோல் நெளியும் மூன்று சுவர்களாலான ‘பாம்பு’ மட்டும் அருங்காட்சியகம் திறந்த நாளிலிருந்தே இங்கு இருப்பது. சுமார் ஐந்து சென்டிமீட்டர் தடிமனும் நான்கு மீட்டருக்கு மேல் உயரமும் கொண்ட எஃகுப் பலகைகளை ஜெர்மனியின் ஸீகன் நகரத்தில் வளைத்துக் கொண்டுவந்தார்கள். அவற்றுக்கு முட்டுக்கொடுப்பு ஏதுமில்லை. வளைவினாலும் எடையினாலும் மட்டுமே தாமாக நிற்கின்றன.

சுருள் வடிவச் சிற்பமொன்றுக்குள் நுழைகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். தொடக்கத்தில் இருவர் இணைந்து நடக்கலாம். பத்தடி போனதும் இடப்புறச் சுவர் தலைக்குமேல் சாய்ந்து வருகிறது. வலப்புறச் சுவர் விலகிச் செல்கிறது. இன்னும் சில அடிகளில் இரண்டும் இடம் மாறிக்கொள்கின்றன. பாதை தோள் உரசும் அளவுக்கு ஒடுங்கும்போது, உடல் தானாகவே சுவருக்கு இணையாகச் சாய்ந்து நடக்கத் தொடங்குவதை உணரலாம். முன்னே யாரும் தெரிவதில்லை. ஆனால் அடுத்த சுற்றில் நடப்பவரின் செருப்பொலி காதருகே கேட்கிறது. சுவரின் மேற்பரப்போ மழையில் நனைந்து காய்ந்த மண்சுவர்போல் காவியும் பழுப்புமாகக் கோடு கோடாக இறங்கியிருக்கிறது. இந்த வகை எஃகில் முதலில் படரும் துருவே பின்னர் அதைக் காக்கும் தோலாகிவிடுகிறது. ஆண்டுகள் செல்லச் செல்ல அதன் நிறம் கருமை கொள்கிறது. தொடக்கூடாது என்ற விதி இருப்பதால் கண்ணால்தான் தடவிப் பார்க்க வேண்டியிருக்கிறது. இன்னும் எவ்வளவு தூரம் என்று மனம் கேட்கத் தொடங்கும்போது, திடீரென்று நடுவிலுள்ள வெற்றிடம் திறந்துகொள்கிறது. அங்கே ஒன்றுமே இல்லை; வந்தவர்கள் எல்லோரும் சற்று நேரம் பேசாமல் நிற்கிறார்கள்.

ரோமில் பொரோமினி கட்டிய சான் கார்லோ தேவாலயத்தின் நீள்வட்டக் கூரையைப் பார்த்தபோது செர்ராவுக்கு இதன் வித்து கிடைத்தது. தரையில் ஒரு நீள்வட்டம், உச்சியில் அதே நீள்வட்டம் சற்றே திருகிய நிலையில். இரண்டையும் ஒரே சுவர் இணைக்க வேண்டும். சுவர் சாய்ந்துகொண்டே வருவதன் இரகசியம் அவ்வளவுதான். செர்ராவின் தந்தை சான் ஃபிரான்சிஸ்கோவின் கப்பல் தளத்தில் பணியாற்றியவர். சிறுவயதில் அங்கே ஒரு கப்பல் நீரில் இறங்குவதைக் கண்ட நினைவைப் பற்றி அவரே பலமுறை பேசியிருக்கிறார். இளமையில் எஃகு ஆலைகளிலும் வேலை செய்திருக்கிறார். கப்பல்களையும் எஃகையும் இழந்த ஓர் ஊரின் ஆற்றங்கரையில் இந்தச் சிற்பங்கள் நிற்பதைப்போல் வேறெங்கும் பொருந்தி நிற்க முடியாது என்று எனக்குத் தோன்றியது.

மற்ற பகுதிகளைப் பற்றி இவ்வளவு உற்சாகமாகச் சொல்ல இயலாது. ஜென்னி ஹோல்ஸரின் ஒன்பது மின்னெழுத்துத் தூண்கள் அருமையானவை. முன்பக்கம் ஆங்கிலமும் ஸ்பானியமும் சிவப்பில் ஓட, தூண்களுக்குப் பின்னே சென்றால்தான் பாஸ்க் மொழி நீல ஒளியில் தெரிகிறது. ஆனால் இந்த அருங்காட்சியகத்தின் சொந்தச் சேகரிப்பு நியூயார்க், பாரிஸ் அருங்காட்சியகங்களோடு ஒப்பிடக்கூடியதல்ல. ராத்கோ, வார்ஹோல், கீஃபர் ஆகியோரின் படைப்புகள் இருந்தாலும் அவை எப்போதும் காட்சியில் இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. மேல்தளங்களைப் பெரும்பாலும் தற்காலிகக் கண்காட்சிகளே நிறைக்கின்றன, அவை மாறும் இடைவெளியில் கூடங்கள் மூடியிருக்கும். எனவே பயணத் தேதியை முடிவு செய்யும் முன் இணையதளத்தில் கண்காட்சிப் பட்டியலைப் பார்த்துவிடுவது அவசியம். பிக்காசோவின் ‘குவெர்னிகா’ இங்கே இருக்கும் என்று நம்பி வருபவர்களும் உண்டு. அந்த ஓவியத்துக்குக் காரணமான குண்டுவீச்சுக்கு ஆளான குவெர்னிகா நகரம் பில்பாவோவுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. ஆனால் ஓவியம் இருப்பது மாட்ரிட்டில். திறப்பு விழாவுக்காகப் பில்பாவோ அதை இரவல் கேட்டபோது, பயணத்தை ஓவியம் தாங்காது என்று மறுத்துவிட்டார்கள்.

திங்கட்கிழமைகளில் பொதுவாக விடுமுறை. சீட்டை நேரம் குறித்து இணையத்திலேயே வாங்கிக்கொள்வது நல்லது. டிராம் வண்டியில் வந்தால் அருங்காட்சியகத்தின் பெயரிலேயே நிறுத்தம் இருக்கிறது. மெட்ரோவில் வருபவர்கள் மொயுவா நிலையத்தில் இறங்கிச் சிறிது தூரம் நடக்க வேண்டும். குறுகிய இடங்களில் மூச்சு முட்டும் இயல்புள்ளவர்கள் செர்ராவின் சுருள்களை விட்டுவிட்டு, இருபுறமும் திறந்திருக்கும் ‘பாம்பு’ வழியாக மட்டும் நடக்கலாம்.

காலையில் கதவு திறந்ததும் நேராக 104ஆம் கூடத்துக்குச் சென்றுவிடுங்கள். நண்பகலுக்குள் கூட்டம் சேர்ந்துவிடுகிறது, காலடி ஓசையைக் கேட்கும் வாய்ப்பும் போய்விடுகிறது. எட்டுச் சிற்பங்களையும் மேலிருந்து ஒருசேரப் பார்ப்பதற்கு மாடியில் ஒரு திறந்த மாடம் உண்டு. ஆனால் நடந்து முடிப்பதற்கு முன் அங்கே ஏறக் கூடாது. வழிகள் எங்கே முடிகின்றன என்று முன்கூட்டியே தெரிந்துவிட்டால் பாதி அனுபவம் கரைந்துவிடும். நடந்த பிறகு ஏறினால், தொலைந்துபோனதாக நினைத்த இடம் எது என்று விரல்நீட்டிக் காட்ட முடிகிறது. அதன்பின் நேரமிருந்தால் மறுபடியும் இறங்கி, கூடத்தின் மறுமுனையிலிருந்து தொடங்குங்கள்; சுவர்கள் சாயும் வரிசை மாறிவிடுவதால் முதல்முறை நடந்த வழி என்றே சொல்ல முடியாது.