பள்ளி அணியா, மாலை அணியா?

அண்ணன் மகளுக்கு 13 வயது, கடலூரில் சாஃப்ட்பால் ஆடுகிறாள்; பேஸ்பால் மாதிரியான ஆட்டம். பள்ளி அணியில் இருக்கிறாள். மஞ்சக்குப்பம் மைதானத்தில் மாலையில் பழகும் பெரிய பெண்களின் அணியும் இப்போது கூப்பிடுகிறது. எதில் விடுவது என்று வீட்டில் ஒரு வாரமாக இதே பேச்சு.

பள்ளி அணியில் எல்லா ஆட்டத்திலும் இறங்கலாம், 7 இன்னிங்ஸும் களத்தில் இருக்கலாம். ஆனால் வேறு ஆள் இல்லை என்று இவளைக் கேட்சராக, மட்டை பிடிப்பவருக்குப் பின்னால் பந்தைப் பிடிக்க உட்கார வைத்திருக்கிறார்கள். எனக்கு உறுத்துவது அதுதான். மட்டை பிடிப்பவர் நிற்கும் ஹோம் பிளேட்டிலிருந்து, ஓடுபவர்கள் தொட வேண்டிய செகண்ட் பேஸ் கிட்டத்தட்ட 26 மீட்டர்; ஓடுபவரை அவுட்டாக்க கேட்சர் அவ்வளவு தூரம் எறிய வேண்டும். இவள் எறியும் பந்து பாதி வழியிலேயே குத்தி, உருண்டு போய்ச் சேர்கிறது. மறுநாள் தோளைத் தேய்த்துக்கொண்டே இட்லி சாப்பிடுகிறாள்.

மாலை அணியில் செகண்ட் பேஸைக் காக்கும் இடம் தருகிறார்கள். அங்கிருந்து முதல் பேஸுக்கு எறிவது பெரும்பாலும் 18 மீட்டருக்குள்தான். இவளுக்குக் கை வலு குறைவு, கால் வேகம் அதிகம். தரையோடு வரும் பந்துக்கு இடுப்பை இறக்கி, கிளவுஸ் மண்ணைத் தொட அவள் எடுப்பதைப் பார்த்தால் இடம் இதுதான் என்று தெரியும். ஆனால் பாதி ஆட்டங்களில் வெளியே உட்கார வேண்டிவரும். பயணச் செலவு வேறு.

அவளிடமே கேட்டேன். "பந்து என்கிட்ட வரணும் அத்தை, அவ்வளவுதான்" என்றாள்.

சரி, இந்த வருடம் பள்ளி அணியே இருக்கட்டும் என்கிறேன். ஆனால் அண்ணன் நாளைக்கே பி.டி. சாரைப் பார்த்து, செகண்ட் பேஸ் கேட்க வேண்டும். அவர் மறுத்தால் மஞ்சக்குப்பம்தான்.