பழைய வீடுகளை லினோகட் போட: சாம்பல் லினோவா, ரப்பர் ஷீட்டா?

கும்பகோணத்துத் திண்ணை வீடுகளையும் தரங்கம்பாடி ராஜ வீதியையும் போட்டோ எடுத்து, லினோ ஷீட்டில் உளியால் வெட்டி, வெட்டாமல் விட்ட மேட்டில் மை தடவித் தாளில் அச்செடுக்கத் தொடங்கிச் சில வருஷம் ஆகிறது. இதைத்தான் லினோகட் என்கிறார்கள். எந்த ஷீட் வாங்கலாம் என்று கேட்பவர்களுக்கு என் பதில் ஒன்றுதான். கட்டடம் வெட்டுவதென்றால் சணல் துணி ஒட்டிய சாம்பல் லினோ.

ரப்பர் ஷீட்டில் உளி சுகமாகப் போகும். ஆனால் ஜன்னல் கம்பியை மெல்லிசாக நிறுத்திப் பாருங்கள், மை ரோலர் ஓடும்போதே சாய்ந்து, அச்சில் வளைந்து விழும். சாம்பல் லினோவில் ஆளிவிதை எண்ணெயும் கார்க் தூளும் சேர்ந்திருப்பதால் கோடு விறைப்பாக நிற்கிறது. கை வலிக்கும்தான். மொட்டை மாடி வெயிலில் கொஞ்ச நேரம் போட்டு எடுத்தால் இளகிவிடும், நம் பக்கத்தில் வெயிலுக்கா பஞ்சம்! மொத்தமாக மட்டும் வாங்கி அடுக்காதீர்கள். நாளாக ஆக எண்ணெய் இறுகி, உளி பட்டால் உதிரும்.

ஷீட்டைவிட போட்டோ முக்கியம். காலைச் சாய்வெயிலில் எடுத்தால் ஒவ்வொரு ஓட்டு வரிசைக்குக் கீழேயும் ஒரு நிழல் கோடு கிடைக்கும். உச்சி வெயிலில் கூரை மொத்தமும் ஒரே வெள்ளை. மொபைல் ஆப்பில் கறுப்பு வெள்ளையாக்கினால் திண்ணை இருட்டில் தூணும் கதவும் ஒன்றாகிவிடுகின்றன. டிரேசிங் பேப்பரில் தூணின் ஓரமாக ஒரு வெள்ளைக் கோடு விட்டு நானே பிரித்துவிடுவேன். போட்டோவில் அந்தக் கோடு கிடையாது, ஆனாலும் அது இல்லாவிட்டால் தூணே தெரியாது. கேபிள் ஒயர்களை யோசிக்காமல் எடுத்துவிடுகிறேன்.

அச்சில் எல்லாம் இடவலம் மாறும். டிரேசிங் பேப்பரைக் கவிழ்த்துப் போட்டு நகலெடுத்தால் சரியாகிவிடும். தரங்கம்பாடியில் 1718இல் கட்டிய புதிய எருசலேம் ஆலயத்தை வெட்டும்போது முகப்பு எழுத்துகளை இடவலம் மாறிப் பார்த்துப் பார்த்துக் கண் பூத்துவிடும். ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு காலத்து அச்சகத்தில், 1715இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சானபோது, இதே ஊரில் அச்சுக் கோத்தவர்கள் எழுத்தை இப்படித்தானே பார்த்திருப்பார்கள்.

அப்புறம் மை. சித்திரையில் தண்ணீர் மை ரோலரிலேயே காய்ந்துவிடுகிறது. எண்ணெய் மை ஐப்பசி அடைமழையில் ஒரு வாரமானாலும் விரலில் ஒட்டும். அதனால் மழையில் வெட்டி, தை மாசியில் எண்ணெய் மையில் அச்சடிக்கிறேன். பிரஸ் கிடையாது, தாளின் மேல் கரண்டியின் முதுகால் தேய்ப்பதுதான். அதற்குத் தடித்த கைக்காகிதம் ஒத்துவராது, புள்ளி புள்ளியாக வெள்ளை விழும். மெல்லிய தாள் வாங்குங்கள். உளிகளுக்குத் தையல் மெஷின் எண்ணெய் தடவி வையுங்கள், மழைக்காலத்தில் சீக்கிரமே துரு ஏறுகிறது.