பெரிய வாய்க்காலை எதில் வெட்டுவது: பசில்ஸ்கிரிப்டா, பாபா ஈஸ் யூவா?

பெட்டி தள்ளும் புதிருக்கு லெவல் (ஒரு ஆட்டக்களம்) செய்ய பசில்ஸ்கிரிப்ட் என்ற கருவி நல்லதா, பாபா ஈஸ் யூ என்ற புதிர் விளையாட்டு நல்லதா? புதுச்சேரிப் பெரிய வாய்க்காலையே லெவலாக எடுத்துக்கொண்டு பார்ப்போம். மேற்கே தமிழர் தெருக்கள், கிழக்கே ஒயிட் டவுன். நேர்நேரான தெருக்கள் என்பதால் கட்டத்தாளில் அப்படியே உட்காரும். பெட்டியைத் தள்ளி, ஒரு கட்ட அகல வாய்க்காலைத் தூர்த்து, கடற்கரைப் பக்கம் போக வேண்டும். அவ்வளவுதான் புதிர்.

பசில்ஸ்கிரிப்ட் இலவசம்; 2013இலிருந்து பிரவுசரிலேயே ஓடுகிறது. 5×5 புள்ளிப் படங்கள், மோதல் அடுக்குகள் (ஒரே அடுக்கில் உள்ள இரண்டு பொருள்கள் ஒரே கட்டத்தில் நிற்க முடியாது), விதிகள், லெவல் வரைபடம் எல்லாமே தட்டச்சுதான். பெட்டி தள்ளுவதற்கு ஒரே வரி விதி போதும். தூர்க்கும் விதியில்தான் புதியவர்கள் சறுக்குவார்கள். பெட்டியும் தண்ணீரும் ஒரே மோதல் அடுக்கில் இருந்தால் பெட்டி கரையிலேயே நின்றுவிடும். அடுக்கைப் பிரித்தால் பெட்டி உள்ளே இறங்கும். ஆனால் 'இரண்டும் ஒரே கட்டத்தில் இருந்தால் அழி' என்ற விதிக்கு முன்னால் 'லேட்' (நகர்வுக்குப் பிறகு ஓடு) போட மறந்தால் அடுத்த நகர்வு வரை மிதக்கும். சாதாரண விதிகள் நகர்வுக்கு முன்பே ஓடி முடிந்துவிடுவதுதான் காரணம். இன்னொன்று: அடுக்கைப் பிரித்ததும் ஆட்டக்காரரும் தண்ணீர்மேல் ஹாயாக நடந்துபோவார். 'ஆட்டக்காரர் தண்ணீரை நோக்கி நகர்ந்தால் கேன்சல்' (அந்த நகர்வே ரத்து) என்று தனி வரி வேண்டும்.

பாபா ஈஸ் யூவில் (2019, காசு கொடுத்து வாங்குவது) இந்தத் தலைவலியே இல்லை. அங்கே களத்தில் வரிசையாக நிற்கும் சொற்கட்டைகள்தான் விதிகள்; பெட்டிக்குப் பதில் பாறை. 'வாட்டர் ஈஸ் சிங்க்' (தண்ணீரில் இறங்குவது தண்ணீரோடு சேர்ந்து மறையும்), 'ராக் ஈஸ் புஷ்' (பாறையைத் தள்ளலாம்) என்று கட்டைகளை வைத்தால் முடிந்தது. ஆனால் அந்தக் கட்டைகளையே தள்ளலாமே! 'சிங்க்'கை நகர்த்தினால் வாய்க்கால் வெறும் நீல நிறம், புதிரும் போச்சு. 'வாட்டர் ஈஸ் சிங்க்' என்ற மூன்று சொற்களையும் மேல் இடது மூலையில் கிடையாக வைத்தால் யாராலும் அசைக்க முடியாது. அப்போதும் ஓட்டை உண்டு: 'வாட்டர்' கட்டைக்குக் கீழே வேறொரு 'ஈஸ்', 'யூ' இரண்டையும் கொண்டுவந்து நிறுத்தினால் வாய்க்காலே ஆட்டக்காரர் ஆகிவிடும். லெவலில் உபரிச் சொல் ஒன்றுகூட இருக்கக் கூடாது என்பது அதனால்தான்.

புதிதாக லெவல் செய்பவருக்கு பசில்ஸ்கிரிப்டே மேல். அங்கே பிழை நாம் எழுதிய வரியில் இருக்கும், தேடினால் கிடைக்கும். பாபாவில் பிழை விளையாடுபவரின் குறும்பில் இருக்கிறது. நாலு பேரிடம் கொடுத்து 'உடைத்துக் காட்டுங்கள்' என்றால்தான் வெளியே வரும்.

எதில் செய்தாலும் கடைசித் தள்ளலிலிருந்து பின்னோக்கி வரையுங்கள். பெட்டியை வரைபட ஓரத்தை ஒட்டி வைக்காதீர்கள். சுவரோடு ஒட்டிய பெட்டியை இழுக்க வழியில்லை.