இறகு ஷட்டிலா, நைலோன் ஷட்டிலா?

சர்வதேச பட்மின்டன் போட்டிகளில் பெரும்பாலும் பறப்பது இறகு ஷட்டில்தான்: 16 இறகுகள், 4.74 முதல் 5.50 கிராம். உயரே எழும்பி, கடைசியில் வேகம் குன்றிச் செங்குத்தாக விழும். நைலோன் அப்படி விழாது, தட்டையாக நீண்டு போகும். அதில் மட்டுமே பழகிய பிள்ளைக்கு இறகில் வலையோர டிராப் (வலையைத் தாண்டியதும் விழும்படி மெல்லத் தட்டும் அடி) கைக்கு அடங்காது. தொடக்க வகுப்புக்கு நைலோன் போதும்; மலிவு, நீடித்தும் உழைக்கும்.

கொழும்பு வெக்கையில் காற்றின் அடர்த்தி குறைவு, ஷட்டில் வேகமாய் ஓடும். ஆகவே இறகில் வேக எண் 77ஐ விட, மெதுவான 76 பொருந்தும். நைலோனில் மெதுவானதைக் குறிக்கும் பச்சைப் பட்டி. பின்கோட்டிலிருந்து கீழ்க்கையால் முழு வீச்சில் அடித்துப் பாருங்கள்: எதிர்ப் பின்கோட்டுக்கு 53 முதல் 99 சென்ரிமீற்றர் முன்னே விழவேண்டும். ஏசியில் காய்ந்த இறகு சீக்கிரம் முறியும். முந்திய இரவே ஆவி காட்டி வையுங்கள்.