சொந்த சர்வர் என்று சொல்லி 18,500 ரூபாய் வாங்கிவிட்டார்கள், ஏமாறாதீர்கள்

நேற்று இரவுதான் விஷயம் தெரிந்தது. இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை.

மொரீஷியஸில், ரோஸ் ஹில்லில் சனிக்கிழமை தமிழ் வகுப்பு நடத்துகிறேன். பிள்ளைகளுக்கு வீட்டில் இந்த ஊர்ப் பேச்சுமொழியான கிரியோல்தான். மாலையில் தமிழில் எழுதிப் பழக ஒரு அரட்டை அறை வேண்டும். போன் நம்பர் கேட்கக் கூடாது, அறையை மூடியதும் பேசியதெல்லாம் அழிந்துவிட வேண்டும். 2024 நவம்பரில் தேர்தல் சமயத்தில் சமூக ஊடகங்களை முடக்கி மறுநாளே திறந்தார்களே, அப்போதே சொந்த சர்வர்தான் (அரட்டை அறையை இணையத்தில் இயக்கும் கணினி) சரி என்று தோன்றியது.

கணினி பழுது பார்த்து வெப்சைட்டும் செய்து தரும் கடை ஒன்றுக்குப் போனேன். நுழைந்ததும் கடைக்காரர், "வணக்கம் டீச்சர், உட்காருங்க" என்றார். இந்த ஊரில் கடைக்குள் தமிழ் காதில் விழுந்தால் மனசு இளகாதா? "தனி சர்வர், உங்களுக்கு மட்டும். எல்லாம் மெமரியில்தான், டிஸ்கில் ஒரு எழுத்து ஏறாது" என்று மேசையைத் தட்டிச் சொன்னார். அதாவது, எதுவும் சேமித்து வைக்கப்படாது. வருஷத்துக்கு 18,500 ரூபாய், அதில் 4,000, எழுதுவதை வழியில் யாரும் படிக்காமல் காக்கும் பாதுகாப்புச் சான்றிதழுக்கு. அங்கேயே போனில் அனுப்பினேன். ரசீதில் 'கணினி வேலை' என்று மட்டும்தான் இருந்தது.

சரியாக 90ஆம் நாள் பிரவுசர் எச்சரிக்கை காட்டியது. அந்தச் சான்றிதழ் லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு இலவசமாகத் தருவது! 90 நாள் செல்லும், தானாகப் புதுப்பிக்கவும் வைக்கலாம். அதற்கா 4,000?

கேட்டால் "தெமே, தெமே", அதாவது கிரியோலில் நாளைக்கு, நாளைக்கு. அப்புறம் டெக்னீஷியன் லீவு. அப்புறம் "புயல் எச்சரிக்கை இருக்கு, அடுத்த வாரம் வாங்க டீச்சர்". கடைசியில் போனே எடுப்பதில்லை.

நேற்று அக்கா மகன் உள்ளே போய்ப் பார்த்தான். தனி சர்வரே இல்லை. பலர் பங்குபோடும் சாதாரண ஹோஸ்டிங். சர்வர் முழுவதையும் ஆளும் ரூட் அனுமதி கிடையாது. மூன்று மாதப் பேச்சு முழுக்க டேட்டாபேஸில், தேதி, நேரம், எந்த இணைப்பிலிருந்து வந்தது என்று காட்டும் ஐபி முகவரியோடு. அதில் ஒன்பது வயதுப் பிள்ளை எழுதிய ஒரு வரி: "அம்மா வேலைக்கு போய்டாங்க நான் தனியா இருகேன்". எழுத்துப் பிழையோடு அப்படியே கிடந்தது.

18,500 ரூபாய்! டொமைனும், அதாவது தளத்தின் இணைய முகவரியும், அவர் பெயரில்தான்.

பணம் கொடுக்கும் முன் ரூட் கடவுச்சொல்லை வாங்கி நீங்களே எஸ்எஸ்ஹெச்சில் (தூரத்திலிருந்தே சர்வருக்குள் போகும் வழி) நுழைந்து பாருங்கள். டொமைன் உங்கள் பெயரில் இருக்கட்டும். அறையை மூடிவிட்டு லாக் (சர்வர் எழுதிவைக்கும் பதிவு), டேட்டாபேஸ் இரண்டையும் திறந்து காட்டச் சொல்லுங்கள். சான்றிதழுக்குத் தனியாகக் காசு கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

எல்லாவற்றையும் அழித்துவிட்டோம். அவரிடம் நகல் இருக்கிறதா, தெரியாது. இனி பதினொரு வீட்டுக்குப் போன் போட்டு இதைச் சொல்ல வேண்டும்.